தந்தையும் களத்தில் இறங்கட்டும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஊர்ப் பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். "தம்பி, பிள்ளைகளைச் சிலம்பப் போட்டிக்கு அழைத்துப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். ஆனால் நீயும் கம்பைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு களத்தில் நிற்கப் போகிறாயாமே! தாடி நரைக்கத் தொடங்கிய வயதில் இது உனக்கு அழகா? பிள்ளைகள் முன்னால் தோற்றுப் போனால் உன் மதிப்பு என்னாவது?" என்று கேட்டார்.

பகைமையால் கேட்ட கேள்வி அன்று அது. என் வாப்பாவின் நண்பர் அவர். என்மீது கொண்ட பரிவினால் கேட்டார். ஆகவே மறுமொழி சொல்லாமல் புன்னகைத்து விடைபெற்றேன். எனினும் அந்தக் கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. பிள்ளைகள் முன்னிலையில் தந்தை தோற்கலாமா? தோற்பதால் அவனுடைய மதிப்பு குறைகிறதா? நம் இல்லங்களில் பெற்றோர் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது என்பதால், போட்டியில் நடந்ததையும் அதன்பின் என் உள்ளத்தில் தெளிந்ததையும் இங்கே எழுதத் துணிகிறேன்.

கோதையாற்றின் கரையில்

போட்டி நடைபெற்றது திற்பரப்புக்கு அருகில். கோதையாறு ஏறத்தாழ ஐம்பது அடி உயரத்திலிருந்து பாறைமீது பரந்து விழும் அவ்வூரை, நீராடி மகிழும் இடமாகவே வெளியூர் மக்கள் அறிவர். ரப்பர் மரங்களும் வாழையும் மரச்சீனியும் சூழ்ந்த அந்த மலையடிவாரப் பகுதிக்கு வேறொரு பெருமையும் உண்டு. கல்குளம், விளவங்கோடு வட்டாரங்கள் தொன்றுதொட்டு அடிமுறைக்கும் வர்மத்திற்கும் பெயர் பெற்றவை. திருவிதாங்கூரோடு இருந்த இம்மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கு அப்பால் 'தெக்கன் களரி' என்று வழங்கும் கலையே இப்பால் 'அடிமுறை' என்று வழங்குகிறது. பெயர் இரண்டாயினும் வேர் ஒன்றுதான்.

இக்கலையின் ஆசான்மார் பலர் வைத்தியர்களாகவும் விளங்கியவர்கள். முறிந்த எலும்பைக் கட்டுவதும், சுளுக்கை எடுப்பதும், வர்மம் கொண்டவனை எழுப்புவதும் அவர்களுடைய கைத்தொழில். உடலில் நூற்றெட்டு வர்மங்கள் உண்டென்றும், அவற்றுள் பன்னிரண்டு படுவர்மம், தொண்ணூற்றாறு தொடுவர்மம் என்றும் வர்ம நூல்கள் வகுக்கின்றன. இவற்றை ஆசான் எடுத்த எடுப்பில் சொல்லிக் கொடுப்பதில்லை. சீடனுடைய கைத்திறனைப் பார்ப்பதற்கு முன் அவனுடைய குணத்தைப் பார்ப்பார். சினம் தலைக்கேறுபவனுக்கு அந்த வித்தை கிட்டாது. அடிக்கத் தெரிந்தவனுக்கு அந்த அடியின் வேதனையை நீக்கும் அடங்கல் முறையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இம்மண்ணின் நெறி. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்; பின்னர் சொல்லப்போவதற்கு இதுவே அடிப்படை.

மதில்மேல் அமர்ந்திருந்த தந்தை

என் மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்குப் பதினொன்று. மூன்று ஆண்டுகளுக்கு முன் இருவரையும் ஓர் ஆசானிடம் சிலம்பம் பயிலச் சேர்த்தேன். சனி, ஞாயிறுகளில் ஸுப்ஹுத் தொழுகை முடிந்ததும் அழைத்துச் செல்வேன். அவர்கள் காலடி பழகுவார்கள். நான் மதில்மேல் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இடையிடையே தலை நிமிர்ந்து, "கையை உயர்த்து! காலை மாற்று!" என்று கட்டளையிடுவேன். ஒரு நாள் மகன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்று, "வாப்பா, உங்களுக்குச் சிலம்பம் தெரியுமா?" என்று கேட்டான். "தெரியாது" என்றேன். "அப்படியானால் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றான்.

குறும்பாகக் கேட்ட கேள்வியல்ல அது, அறிந்துகொள்ளவே கேட்டான். அடுத்த வாரம் என் நெற்றி அளவுக்கு ஒரு மூங்கிற் கம்பை வெட்டி எடுத்துக்கொண்டு நானும் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். எனக்கு முன்னால் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் நின்றான். அவனிடம்தான் முதற் காலடியைக் கற்றேன்.

அதன் பிறகுதான் சில உண்மைகள் விளங்கின. மதில்மேல் அமர்ந்திருப்பவனுக்குக் கம்பு சுழல்வது எளிதாகத் தெரிகிறது. களத்தில் நிற்பவனுக்கோ, கை ஓய்ந்த பின்னும் காலை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது தெரிகிறது. தோளில் ஒரு அடி வாங்கிய பிறகு, "ஏன் தடுக்காமல் விட்டாய்?" என்று மகனைக் கடிந்துகொள்ளும் வாய் தானாகவே அடங்கிவிட்டது.

அன்று நடந்தது

போட்டி நாளில் முதலில் மகன் களமிறங்கினான். முதற் சுற்றிலேயே தோற்றான். கண் கலங்க என்னிடம் வந்தவனை அணைத்துக்கொண்டு, "தோற்றவன்தான் முதலில் போய்க் கைகொடுக்க வேண்டும். நடுவரைக் குறை சொல்லக் கூடாது. கம்பை எறியக் கூடாது. இவ்வளவும் செய்தால் நீ வென்றவனே" என்று அறிவுரை கூறினேன். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கைகொடுத்துவிட்டு வந்தான். மகள் இரண்டு சுற்றுகளில் வென்று மூன்றாவதில் தோற்றாள். அவளும் அவ்வாறே செய்தாள். என் உள்ளம் பெருமிதத்தால் நிறைந்தது.

பிற்பகலில் என் முறை வந்தது. எதிரே நின்றவர் என்னைவிடப் பத்து வயதேனும் இளையவர். சிலம்பப் போட்டியில் கம்பு உடலைத் தொட்டால் புள்ளி. என் கம்பு அவர் தோளைத் தொட்டதாக நான் உறுதியாக நம்பினேன். நடுவர் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. அடுத்த நொடியில் அவருடைய கம்பு என் இடுப்பைத் தொட்டது. நடுவர் கையை உயர்த்தினார். நான் தோற்றேன். தலைக்கவசத்தைக் கழற்றியவன் கம்பைத் தரையில் எறிந்துவிட்டு, "நடுவருக்குக் கண் தெரியவில்லையா?" என்று உரக்கவே கேட்டுவிட்டேன்.

சுற்றி நின்றவர்கள் அமைதியாயினர். என் மகன் களத்தின் ஓரத்திலிருந்து வந்தான். குனிந்து அந்தக் கம்பை எடுத்தான். அதிலிருந்த மண்ணைத் தன் சட்டையில் துடைத்து என் கையில் கொடுத்து, "வாப்பா, முதலில் போய்க் கைகொடுங்கள்" என்றான்.

வாசகர்களே, அன்று என் முகத்தில் ஒரு அடி விழுந்திருந்தாலும் அவ்வளவு உறைத்திராது. போய்க் கைகொடுத்தேன்; நடுவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் பார்த்தது சரியா, நான் எண்ணியது சரியா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது அது எனக்குத் தேவையுமில்லை.

மல்லர்களை வீழ்த்துபவன் வலிமையாளன் அல்லன். சினம் வரும்போது தன்னை அடக்கி ஆள்பவனே வலிமையாளன் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந் தொகுப்புகளிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக இடம்பெறும் இதனை நான் எத்தனை முறை என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! சொன்ன எனக்கே அது பாடமாகாமல் இருந்ததை அன்றுதான் கண்டேன். மதில்மேலேயே அமர்ந்திருந்தால் என் சினம் ஒருபோதும் வெளிப்பட்டிராது. வெளிப்பட்டாலும், 'பிள்ளைக்காகப் பேசினேன்' என்று அதற்கொரு நல்ல பெயர் சூட்டியிருப்பேன்.

நபிகளார் காட்டிய வழி

பெரியவர் கேட்டாரே, வயது வந்தவனுக்கு இது அழகா என்று! நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை நோக்குவோம். குறைஷியரில் எவராலும் வீழ்த்த முடியாத மல்லர் எனப் பெயர் பெற்றிருந்தவர் ருகானா. அவரோடு நபிகளார் மற்போர் புரிந்து அவரை வீழ்த்தியதை நபிமொழித் தொகுப்புகளும் வரலாற்று நூல்களும் குறிப்பிடுகின்றன. இறைத்தூதர் என்னும் மாபெரும் பொறுப்பு அவர்கள் களமிறங்கத் தடையாக அமையவில்லை.

வெற்றி மட்டுமா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நபிகளார் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூத் நூலில் காண்கிறோம். முதல் முறை ஆயிஷா நாயகி முந்தினார்கள். ஆண்டுகள் சில கழித்து மீண்டும் ஓடியபோது நபிகளார் முந்தினார்கள். அன்றைக்கு இது ஈடு என்று சொல்லி மகிழ்ந்தார்கள். மனைவியிடம் தோற்பதை மதிப்புக் குறைவாக அவர்கள் எண்ணியிருந்தால், இரண்டாம் பந்தயம் நடந்திருக்குமா?

நபிகளாரின் ஒட்டகம் அள்பா. அதனை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒரு நாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மனவருத்தம் தந்தது. உலகில் உயரும் எதனையும் ஒரு நாள் தாழ்த்துவது இறைவனின் நியதி என்று கூறி நபிகளார் அவர்களைத் தேற்றினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. தோல்வியை எப்படி ஏற்பது என்பதற்கு இதைவிட ஒரு பாடம் வேண்டுமா?

பெற்றோருக்கென்றே அமைந்தது போன்ற நிகழ்ச்சி இன்னொன்று. அஸ்லம் குலத்தார் இரு அணியாகப் பிரிந்து அம்பெய்துகொண்டிருந்தனர். அவ்வழியே வந்த நபிகளார், உங்கள் தந்தை இஸ்மாயீலும் வில்லாளரே என்று ஊக்கமூட்டி, தாம் ஓர் அணியின் பக்கம் இருப்பதாகக் கூறினார்கள். மற்ற அணியினர் எய்வதை நிறுத்திவிட்டனர். தாங்கள் அவர்களோடு இருக்கையில் நாங்கள் எப்படி எய்வோம் என்றனர். உடனே நபிகளார், எய்யுங்கள், நான் உங்கள் அனைவரோடும் இருக்கிறேன் என்றார்கள். இரு பிள்ளைகளில் ஒருவன் கோப்பையோடும் மற்றவன் வெறுங்கையோடும் வீடு திரும்பும் மாலையில், ஒவ்வொரு தந்தையும் தாயும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய நிகழ்ச்சி அன்றோ இது!

வேறு சிலரின் வாழ்விலிருந்து

இவையெல்லாம் பழங்காலத்துச் செய்திகள் என்று எவரேனும் கருதக்கூடும். அண்மைக் காலத்திலும் சான்றுகள் உள. கேரளத்தின் வடகரையில் களரி பயிற்றுவிக்கும் மீனாட்சியம்மாளை அவருடைய தந்தை ஏழு வயதில் களரிக்கு அழைத்துச் சென்றார். எழுபது வயதைக் கடந்தும் அவர் வாளும் கேடயமும் ஏந்தினார். அவருடைய மகனும் அதே களரியில் ஆசானாக விளங்கினார். 2017ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தாயும் மகனும் எதிரெதிரே நின்று ஆயுதம் பழகுவதால் அங்கே தாயின் மதிப்பு குறைந்துவிடவில்லை.

தெலுங்கானாவின் நிஜாமாபாதைச் சேர்ந்த நிகத் ஜரீன் 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் குத்துச்சண்டையில் உலக வாகை சூடினார். அவருடைய தந்தை முகம்மது ஜமீல் அகமது தாமே ஒரு விளையாட்டு வீரர். சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் உழைத்த அவர், பெண்மக்களின் கல்விக்கும் பயிற்சிக்கும் துணைநிற்க ஊர் திரும்பினார். மகளுக்கு முதற் பயிற்சியும் அளித்தார். குத்துச்சண்டையில் முகத்தைக் குறிவைப்பதை ஆலிம்கள் பலர் ஏற்பதில்லை. அதனை நான் மறைக்க வரவில்லை. நான் சுட்டுவது, மகளோடு மைதானத்தில் நிற்பதே தன் கடமை என்று எண்ணிய தந்தையின் முடிவை.

2012ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் சார்பில் முதன்முதலாகப் பங்கேற்ற பெண்கள் இருவரில் ஒருவர் வுஜ்தான் ஷஹர்கானி. அப்போது அவருக்குப் பதினாறு வயது. அவருடைய தந்தை ஜூடோ நடுவர். தலையை மறைத்துக்கொண்டு ஜூடோ ஆடலாமா என்பது பெரும் விவாதமாகி, இறுதியில் பொருத்தமான தலையணியோடு ஆட இசைவு கிடைத்தது. போட்டி 82 விநாடிகளில் அவருடைய தோல்வியில் முடிந்தது. ஆனால் தந்தை துணைநிற்க அச்சிறுமி அந்த மேடையில் ஏறியது, அவருக்குப் பின் வந்த பல பெண்களுக்கு வழிகாட்டியது. அந்த 82 விநாடிகளை வெறும் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆடவரில் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஜூடோ இறுதிப் போட்டிக்கு வந்த ஜப்பானிய வீரர் யமாஷிதாவுக்கு அதற்கு முந்தைய ஆட்டமொன்றில் வலக்காலில் காயம் பட்டிருந்தது. எதிரே நின்றவர் எகிப்தின் முகம்மது ரஷ்வான். காயம்பட்ட காலைத் தாக்கி வெல்ல விரும்பவில்லை என்று ரஷ்வான் கூறினார். தங்கம் யமாஷிதாவுக்குச் சென்றது. வெள்ளியோடு திரும்பிய ரஷ்வானுக்கு நேர்மைக்கான பன்னாட்டு விருது வழங்கப்பட்டது. அந்த ஆண்டில் தங்கம் வென்றவர்களில் பலருடைய பெயரை உலகம் மறந்துவிட்டது. வெள்ளி வென்ற ரஷ்வானை மறக்கவில்லை. சீடனின் குணத்தைப் பார்த்தே வர்மம் சொல்லிக் கொடுக்கும் நம் மலையடிவாரத்து ஆசான்மார் இதனைக் கேட்டால் மகிழ்ந்திருப்பார்கள்.

களமிறங்குமுன் கவனிக்க வேண்டியவை

பிள்ளைகளோடு போட்டிக்குச் செல்லும் பெற்றோர் சிலவற்றை முன்கூட்டியே எண்ணித் துணிதல் நன்று.

முதலாவது தொழுகை. போட்டிகள் காலையில் தொடங்கி மாலைவரை நீளும். நம் முறை எப்போது வரும் என்று சொல்ல இயலாது. நாங்கள் அன்று போனவுடனேயே அமைப்பாளரிடம் லுஹர், அஸர் நேரங்களைச் சொல்லி வைத்தோம். மலர்ந்த முகத்தோடு இசைந்தார்கள். கேட்காமலேயே, 'அவர்கள் விடமாட்டார்கள்' என்று நாமாக முடிவு கட்டிக்கொள்வது நம்மிடமுள்ள குறை.

இரண்டாவது வணக்க முறை. களத்தில் நுழையுமுன் மண்ணைத் தொட்டு வணங்குவதும், ஆசானின் பாதம் தொடுவதும், எதிராளிக்குக் குனிந்து வணக்கம் செலுத்துவதும் பல கலைகளில் மரபாக உள்ளன. குனிவதும் பணிவதும் இறைவனுக்கே உரியவை என்பது நம் கொள்கை. சகோதரனைச் சந்திக்கையில் குனியலாமா என்று கேட்டவருக்கு வேண்டாம் என்றும், கைகொடுக்கலாமா என்று கேட்டவருக்கு ஆம் என்றும் நபிகளார் விடையளித்ததைத் திர்மிதியில் காண்கிறோம். எங்கள் ஆசான் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். முதல் நாளே இதனைப் பணிவோடு அவரிடம் சொன்னேன். "மரியாதை மனத்தில் இருந்தால் போதும், பிள்ளைகள் நெஞ்சில் கை வைத்து நிற்கட்டும்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கொள்கையில் உறுதியும் சொல்லில் பணிவும் இருந்தால் பெரும்பாலான கதவுகள் திறக்கவே செய்கின்றன.

மூன்றாவது பரிசுப் பணம். சூதாட்டத்தை அருள்மறை வன்மையாக விலக்குகிறது. போட்டியிடுவோர் பணத்தைக் கூட்டி, வென்றவர் அதனை எடுத்துச் செல்வது சூதின் வகையைச் சாரும். ஆட்டத்தில் சேராத ஒருவர் மனமுவந்து அளிக்கும் பரிசு அவ்வாறன்று. ஆகவே நுழைவுக் கட்டணம் வாங்கப்படும் போட்டிகளில், அது மைதானச் செலவுக்கா அல்லது பரிசுக்கா என்று கேட்டறிந்து, ஐயம் எழுந்தால் ஊர் ஆலிமிடம் விளக்கம் பெறுவது நல்லது.

நான்காவது முகம். சண்டையிட நேர்ந்தாலும் முகத்தைத் தவிர்க்குமாறு நபிகளார் பணித்துள்ளார்கள். ஜூடோ, மற்போர் ஆகிய போட்டிகளில் அடியே கிடையாது. கராத்தேயில் முகத்தின்மீது கட்டுப்பாடின்றி அடித்தால் தண்டனை உண்டு. எந்தக் கலையைத் தேர்ந்தாலும் அதன் விதிகளைப் பெற்றோர் முதலில் படித்தறிதல் வேண்டும். காவலணி இல்லாத களத்தில் பிள்ளையை இறக்குவது வீரமன்று, பொறுப்பின்மை.

ஐந்தாவது பெண்மக்கள். ஆண்பிள்ளையை அழைத்துச் செல்லும் தந்தை பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டுச் செல்வது நம்மிடையே வழக்கம். என் மகளைச் சேர்த்தபோதும் உறவினர் சிலர் முகம் சுளித்தனர். முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் அணிந்து, பெண்களுக்கான பிரிவில் அவள் ஆடுகிறாள். பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தைக்கு நபிகளார் உரைத்தது பொருட்கொடைக்கு மட்டும் உரியதா? உடல்நலமும் துணிவும்கூடப் பெற்றோர் அளிக்கும் கொடைகளே. அதிகாலைப் பேருந்தில் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்குத் துணிவு தேவையில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

பிள்ளை நம் குதிரை அல்லன்

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நாம் அடையாத வெற்றியைப் பிள்ளையின் முதுகில் ஏறி அடைய முயல்வதே அது. சிலம்பம் 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. சான்றிதழ்கள் கல்லூரிச் சேர்க்கைக்கும் வேலைக்கும் உதவும் என்ற எண்ணம் பெற்றோரிடையே பரவியுள்ளது. அந்த எண்ணத்தில் பிழையில்லை. ஆனால் அன்று போட்டி முடிந்து திரும்பிய பேருந்தில், தோற்ற மகனை அவனுடைய தந்தை குலசேகரம்வரை திட்டிக்கொண்டே வந்ததைக் கேட்டேன். செலவழித்த பணத்தின் கணக்கை அச்சிறுவனிடம் ஒப்புவித்துக்கொண்டு வந்தார். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். அவனுக்கு அடுத்த போட்டியும் அச்சமூட்டுவதாகவே இருக்கும். கம்புக்கு அஞ்சியல்ல, தந்தையின் நாவுக்கு அஞ்சி.

அந்தத் தந்தையும் ஒரு முறை கம்பெடுத்துக் களத்தில் நின்றிருந்தால் அப்படிப் பேசியிருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்ன அக்ரஃ இப்னு ஹாபிஸ் அவர்களை நோக்கி, இரங்காதவருக்கு இரக்கம் காட்டப்படாது என்று நபிகளார் சொன்னார்கள். பிள்ளையிடம் இரக்கம் காட்டுவது கண்டிப்புக்கு எதிரானதென்று நினைப்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாத் தந்தையராலும் கம்பெடுக்க இயலாது என்பதை அறிவேன். முழங்கால் வலி உடையவர் உண்டு. ஞாயிறும் கடை திறக்க வேண்டியவர் உண்டு. வளைகுடாவில் உழைத்து ஈராண்டுக்கு ஒரு முறை ஊர் வருபவர் உண்டு. அவர்களும் தமக்கியன்ற அளவில் களத்தில் இருக்கலாம். விதிகளைக் கற்றுக்கொள்ளலாம், தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாம். தொலைபேசியில் "வென்றாயா?" என்று கேட்பதற்கு மாறாக, "இன்று யாரோடு ஆடினாய்? அவரிடம் என்ன கற்றாய்?" என்று கேட்கலாம். வாப்பா தொலைவில் இருக்கும் இல்லங்களில், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்திற்குப் போகும் உம்மாவே போற்றுதலுக்குரியவர்.

தோற்பதை அவர்கள் பார்க்கட்டும்

அன்று மாலை நாங்கள் மூவரும் ஆற்றங்கரைக்குச் சென்றோம். உளூச் செய்து அஸர் தொழுதோம். பிறகு அருவியின் ஓரத்தில் நின்று நீராடினோம். என் இடுப்பில் கம்பு பட்ட இடம் கன்றிச் சிவந்திருந்தது. மகன் அதனைத் தொட்டுப் பார்த்து, "வலிக்கிறதா வாப்பா?" என்றான். "வலிக்கிறது" என்றேன். "எனக்கும் இங்கே" என்று தன் தோளைக் காட்டினான். அந்த ஒரு நொடியில் எனக்கும் அவனுக்கும் இடையே ஏற்பட்ட நெருக்கத்தை நூறு அறிவுரைகளாலும் என்னால் உண்டாக்கியிருக்க முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் படியில் அதே பெரியவரைச் சந்தித்தேன். "போட்டி என்னாயிற்று?" என்றார். "தோற்றேன்" என்றேன். "பிள்ளைகள் பார்த்தார்களா?" என்றார். நடந்தவற்றை, கம்பை எறிந்தது உட்பட, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிது நேரம் தம் கைத்தடியைப் பார்த்தபடி நின்றார். பின்னர், "பார்க்கட்டும். நாளை அவர்களும் எங்கேனும் தோற்பார்கள் அல்லவா?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஆம், தோற்காத மனிதர் இல்லை. தேர்வில், வணிகத்தில், உறவில், உடல்நலத்தில் நம் பிள்ளைகளும் ஒரு நாள் தோற்கத்தான் போகிறார்கள். தோற்றபின் எப்படி நிற்பது, எப்படிக் கைகொடுப்பது, எறிந்த கம்பை எப்படித் திரும்ப எடுப்பது என்பதை அவர்கள் வேறு எவரிடமிருந்து கற்பார்கள்? ஆகவே தந்தையரும் தாயரும் மதிலைவிட்டு இறங்கட்டும். இயன்றவர்கள் களத்தில் நிற்கட்டும். வலிமையான நம்பிக்கையாளர் இறைவனுக்கு மிக உவப்பானவர் என்று உரைத்த நபிகளார், எளியவரிடமும் நன்மை உண்டு என்று சேர்த்தே சொன்னார்கள். வென்றாலும் தோற்றாலும் நம் பிள்ளைகள் அந்த நன்மையை இழக்காதிருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.